காணாக்கடி

பகலில் அது வருவதில்லை. விளக்கை அணைத்து, போர்வையை இழுத்துவிட்டு, உடம்பு தூக்கத்துக்குள் இறங்கத் தொடங்கும் நேரத்தில்தான் கணுக்காலுக்குச் சற்று மேலே ஏதோ ஒன்று நகரும். கடிப்பதில்லை, வலிப்பதில்லை, ஊர்கிறது, அவ்வளவுதான். கை தானாகப் போய்த் தடவும். அங்கே ஒன்றும் இருக்காது. கையை எடுத்ததும் முழங்கை மடிப்பில், பிறகு காதுக்குப் பின்னால், பிறகு பிடரியில். எழுந்து விளக்கைப் போட்டுப் பாயை உதறினால் வெறும் பாய். இது எல்லோருக்கும் வருவதுதான். பெரும்பாலோர் இரண்டு தரம் சொறிந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள். படுக்க முடியாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய ஒரு சங்கடம் வெகு காலமாக எனக்குள் கிடக்கிறது. பாம்புக்குப் பயப்படுகிறவரை நம் பக்கத்தில் யாரும் ஏளனம் செய்வதில்லை. தேளுக்கும் பூரானுக்கும் பயப்படுவதில்கூட ஒரு மரியாதை உண்டு. அவற்றுக்கு உருவம் இருக்கிறது, விஷம் இருக்கிறது, அடித்துப் போட்டுத் தெருவுக்கே காட்டலாம். கண்ணுக்குச் சிக்காத, கடுகில் பாதிகூட இல்லாத ஒன்றுக்கு அஞ்சுகிறவருக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. ‘மேலெல்லாம் என்னமோ ஊருதுங்க’ என்று ஒருவர் சொல்லும்போது கேட்பவர் முகத்தில் முதலில் இரக்கம் வருகிறது, அடுத்த கணமே ஒரு விலகல். நாற்காலியைக்கூடச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொள்கிறோம். பூச்சி இருக்கிறது என்று நம்பித் தள்ளிப்போகிறோமா, இல்லை என்று நினைத்துத் தள்ளிப்போகிறோமா என்று யோசித்தால் இரண்டும் உண்மையாகவே இருக்கிறது.

கோயமுத்தூரைச் சுற்றிய காடுகரைகளில் வளர்ந்த உடம்புக்கு அரிப்பு புதிதல்ல. இட்டேரியில் நடந்தால் கிளுவை வேலியோரம் காஞ்சொறி இருக்கும். கெண்டைக்காலில் உரசினால் தடித்துப்போய் எரியும். சோளத்தட்டு அறுக்கிற நாளில் சுணை சட்டைக்குள் இறங்கிவிடும். அந்தச் சுணையைச் சாதாரணமாகப் பார்க்க முடியாது. தட்டை வெயிலுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தால் ஓரத்தில் மெல்லிய வெள்ளை மயிராக மினுங்கும். வேர்க்க வேர்க்க உள்ளே போகும், சொறியச் சொறிய இடம் மாறும். மழைக்காலத்தில் முருங்கை அடிமரத்தில் கம்பளிப்பூச்சிகள் நூறு நூறாக ஒன்றையொன்று ஒட்டிப் பழுப்புப் பட்டையாகக் கிடக்கும். பகலெல்லாம் அசையாது. இரவில் மேலேறி இலையைத் தின்னும். தீப்பந்தம் காட்டிக் கருக்குவார்கள். கருகியதோடு முடிவதில்லை, அதன் மயிர் காற்றில் கிளம்பி, கொடியில் காயும் வேட்டியில் ஒட்டி, மறுநாள் அதைக் கட்டியவரின் இடுப்பைத் தடிக்கவைக்கும். பூச்சி செத்திருக்கும், அரிப்பு உயிரோடு இருக்கும். மாட்டுக் கட்டுத்தாரையில் உண்ணி, கோழிக்கூட்டில் செள்ளு, கயிற்றுக் கட்டிலின் சந்துகளில் மூட்டைப்பூச்சி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் தலையில் பேன். போதாததற்கு 1950களில் புனே பக்கம் முதலில் கவனிக்கப்பட்டு, பிறகு நாடெங்கும் ஏறிப் படர்ந்த பார்த்தீனியம். தரிசாகிப்போன மானாவாரிக் காட்டிலும் மனைபோட்ட நிலத்திலும் இன்று அதன் வெள்ளைப்பூதான். அதைப் பிடுங்கினவருக்கு மட்டுமல்ல, அதன் தூசு படும் தூரத்தில் வேலை செய்கிறவருக்கும் கண்ணிமையிலும் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் தோல் கறுத்துத் தடித்துப்போகிறது. இவற்றில் ஒன்றையும் பிரமை என்று சொல்ல முடியாது. இந்த நிலத்தில் தோல் விழித்தே இருந்தாக வேண்டும். இல்லாத ஒன்றுக்காகக் கை ஒரு தரம் வீணாகப் போனால் நட்டமில்லை. இருக்கிற ஒன்றைத் தவறவிட்டால் நட்டம் பெரிது. அப்படிப் பழகிய தோலில் ஒன்றிரண்டு உறங்க மறந்துபோவதில் வியப்பு என்ன?

கடித்தது எதுவென்று தெரியாமல் திட்டுத்திட்டாகத் தடித்து அரித்தால் ஊரில் அதற்குக் காணாக்கடி என்று பெயர். அம்மாவின் அம்மாவான என் அமிச்சியின் ஊரில் அதற்குப் பாடம் போடுகிற பெரியவர் ஒருவர் இருந்தார். வேப்பந்தழைக் கொத்தால் தலையிலிருந்து கால்வரை இறக்கிவிடுவார், வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லச் சொல்வார், உறைக்கிறதா என்று கேட்பார். உறைக்கவில்லை என்றால் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். கத்தரிக்காய், கருவாடு, நிலக்கடலை ஆகாது. எங்கே முதலில் அரித்தது, எந்த நேரத்தில், அன்றைக்கு எந்தக் காட்டுக்குப் போனாய், யார் வீட்டில் சாப்பிட்டாய் என்று வரிசையாகக் கேட்பார். பூச்சியைக் காட்டு என்று மட்டும் கேட்டதில்லை. அக்கிக்கும் அப்படித்தான். குயவர் தன் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, காவிக்கல்லைத் தண்ணீர் விட்டு இழைத்து, கொப்புளங்களைச் சுற்றிக் கோழி இறகால் கோடு இழுப்பார். சிங்கமோ நாயோ எழுதுவார். ஈரக் காவி காய்ந்து இறுகும்போது தோல் லேசாக இழுபடும். அரிப்பும் எரிச்சலும் அந்த இறுக்கத்தில் கொஞ்சம் அடங்கும். அக்கி என்பது சின்னம்மை வந்து போனவர் உடம்பில் நரம்பு வேர்களில் பதுங்கிக் கிடந்த கிருமி மறுபடி எழுவது என்றும், காவிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் இன்று படித்தவர் எவரும் சொல்வார். சரிதான். காணாக்கடியென்று மந்திரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே தொண்டை வீங்கி மூச்சடைத்துப் போனவர்களும் உண்டு. உதடும் கண்ணும் உப்பினால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்தப் பெரியவருடைய மருந்துக்காக நான் வாதாடவில்லை. அவர் கேட்ட கேள்விகளைத்தான் நினைத்துக்கொள்கிறேன். வந்தவருக்கு அரிக்கிறது என்பதை அவர் ஒருபோதும் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் வீதியில் ஓர் அக்கா இருக்கிறார். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் ரீலிங்கில் வேலை பார்த்து, மில் மூடியபோது வந்ததை வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்துவிட்டவர். வீட்டுக்காரர் இல்லை, மகன் பெங்களூரில். சில வருடங்களாக அவர் மேல் பூச்சி ஊர்கிறது. முதலில் தலையில் என்றார், பிறகு முதுகில், பிறகு தோலுக்கு உள்ளே. மெத்தையை எரித்தார். தலையணைப் பஞ்சை மாற்றினார். மண்ணெண்ணெய் தேய்த்துக் குளித்தார், கிருமிநாசினியைத் தண்ணீரில் கலக்காமல் பூசித் தோல் உரிந்தது. மூட்டைப்பூச்சிக்கு அடிக்கிற மருந்தைத் தன் படுக்கைக்கு அடித்துவிட்டு அதன்மேலேயே படுத்ததைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்துப்போயிற்று. ஒரு நாள் நகைக்கடையில் கொடுக்கிற சின்ன ஜிப் கவரை எடுத்துவந்து, என் கையைப் பிடித்து உட்காரவைத்து, கீழே வெள்ளைத் தாள் விரித்துக் கொட்டினார். ‘நல்லாப் பாரு கண்ணு, கால் தெரியுதா? நேத்து ராத்திரி நகத்துல எடுத்தது.’ பையனின் பூதக்கண்ணாடியை வாங்கிவந்து பார்த்தேன். காய்ந்த தோல் பொருக்கு, சுருண்ட ஒரு நூலிழை, மணல் துகள், எறும்பின் உடைந்த கால் ஒன்று. நூலிழையின் இரண்டு பக்கமும் பிசிறு கிளம்பியிருந்தது. கண்ணாடிக்கு அடியில், என் மூச்சுக்காற்று பட்டு, அந்தப் பிசிறு அசைந்தது. அவரும் அதைப் பார்த்துவிட்டார். ‘பாத்தியா.’ நான் நூல் என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. கவரை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். மில்லில் அவர் எத்தனையோ வருடம் பஞ்சு பறக்கிற காற்றில் நின்றவர். புருவத்திலும் காது மடலிலும் ரவிக்கைக் கழுத்திலும் பஞ்சு வெள்ளையாகப் படிந்திருக்க, சங்கு ஊதியதும் வீடு வந்து குளித்த பிறகும் அது உடம்பில் ஊர்வது தெரிந்த தலைமுறை அது. நூலுக்கும் பூச்சிக்கும் உள்ள வேறுபாடு என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் அது நூல் என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த இடத்தில்தான் நான் நின்றுபோகிறேன்.

இப்படிச் சான்றைப் பொதிந்து கொண்டுவருவது உலகெங்கும் ஒன்றுபோலவே நடக்கிறது. அதற்கு மருத்துவர்கள் தீப்பெட்டி அடையாளம் என்றே பெயர் வைத்தார்கள். 1983 இல் லான்செட் இதழ் அந்தப் பெயரில் எழுதியது. அதற்கு வெகு முன்பே, 1894 இல், ஜார்ஜ் திபியெர்ஜ் என்ற பிரெஞ்சுத் தோல் மருத்துவர் உண்ணிப்பயம் பிடித்தவர்களைப் பற்றி எழுதியிருந்தார். 1938 இல் ஸ்வீடனின் நரம்பியல் மருத்துவர் கார்ல்-ஆக்செல் எக்போம் இதைப் பயம் என்று சொல்லாமல் அசைக்க முடியாத நம்பிக்கை என்று பிரித்துக் காட்டினார். இன்றும் அவர் பெயரால் அழைக்கிறார்கள். அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் நடுவயதைத் தாண்டிய பெண்கள். பயப்படுகிறவருக்குத் தன் பயம் அதிகப்படி என்று உள்ளூரத் தெரியும். நம்புகிறவருக்குச் சந்தேகமே இல்லை. இந்தப் பிரிவு புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது. வாழ்க்கையில், ஒரே மனிதர் சாயங்காலம் பயத்திலும் நள்ளிரவில் நம்பிக்கையிலும் இருந்துவிட்டு விடிந்ததும் மறுபடி பயத்துக்குத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். முதுமையில் தோல் வறளும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடியில் அடிக்கிற காற்றில் இன்னும் வறளும். சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் கோளாறு, பி12 குறைவு, மாதவிலக்கு நிற்கும் பருவம், சில மாத்திரைகள் என்று அரிப்பையும் ஊறலையும் கொண்டுவரும் காரணங்கள் ஏராளம். இவற்றில் ஒன்றைக்கூடச் சோதித்துப் பார்க்காமல் ‘மனசுதாம்மா’ என்று அனுப்பிவைக்கப்பட்டவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்தால் கோபம் வருகிறது.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. சிரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1687 இல் இத்தாலியின் ஜொவான்னி கோசிமோ பொனோமோ என்ற மருத்துவர், ஏழைப் பெண்கள் தங்கள் பிள்ளைகளின் கையிலிருந்து ஊசி முனையால் எதையோ நெம்பியெடுத்து நகத்தில் வைத்து நசுக்குவதை அறிந்து, அப்படி எடுத்த ஒன்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஆமை வடிவம், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நீளம். படம் வரைந்து இயற்கை ஆய்வாளர் பிரான்செஸ்கோ ரெடிக்குக் கடிதமாக எழுதினார். மருத்துவ உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. இரத்தம் கெட்டுப்போவதால் வருகிற நோய்க்குப் பூச்சி எதற்கு என்றது. 1812 இல் பாரிஸில் காலே என்பவர் கண்டுபிடித்துவிட்டதாகப் படம் காட்டினார். பின்னால் பார்த்தால் அது பாலாடைக்கட்டியில் வருகிற சிற்றுண்ணி. பிறகு ஒருவரும் நம்பத் தயாராக இல்லை. 1834 இல் கோர்சிகாத் தீவிலிருந்து வந்த ரெனுச்சி என்ற மாணவர் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில், பேராசிரியர்கள் சூழ்ந்து நிற்க, தன் ஊர்ப் பெண்கள் செய்கிற விதமாகவே ஊசியால் அதை எடுத்துக் காட்டினார். மற்றவர்கள் கொப்புளத்துக்குள் தேடிக்கொண்டிருந்தார்கள்; அது தோலில் தான் தோண்டிய வளையின் கடைசியில் இருந்தது. ஏறக்குறைய நூற்றைம்பது வருடம், கையில் ஊசி வைத்திருந்த பெண்களுக்குத் தெரிந்தது மருத்துவர்களுக்குத் தெரியாமல் இருந்தது. சாதாரணச் சிரங்கில் ஒரு மனிதர் உடம்பு முழுவதிலுமாக இருப்பவை பத்துப் பதினைந்துதான். முதல் முறை தொற்றினால் அரிப்பு தொடங்கவே நாலு வாரமாகலாம்; மருந்து போட்டு எல்லாம் செத்த பிறகும் சில வாரம் அரிக்கும். தொடக்கத்தில் பூச்சி இருக்கும்போது அரிப்பு இல்லை, முடிவில் அரிப்பு இருக்கும்போது பூச்சி இல்லை. இது பிரமையில்லை, பாடநூலில் இருப்பது.

கோயமுத்தூருக்குத் தெள்ளுப்பூச்சியின் நினைவும் இருக்கிறது, அதை அந்தப் பெயரில் வைத்திருக்கவில்லை என்றாலும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் இந்த ஊரைத் திரும்பத் திரும்பப் பிடித்தது. எலி செத்து விழுந்தால் வீட்டைப் போட்டுவிட்டு ஊருக்கு வெளியே குடிசை போட்டுப் போனார்கள். இன்றும் நகருக்குள்ளும் சுற்றுவட்டாரத்திலும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. கூழ் ஊற்றுகிறார்கள், திருவிழா நடக்கிறது. 2021 இல் இருகூரில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தபோது வெளியூர்க்காரர்கள் வியந்தார்கள். நான் வியக்கவில்லை. பெயர் வைத்து, இடம் கொடுத்து, ஆண்டுக்கொரு முறை கூப்பிட்டுச் சோறு போட்டால் பயம் வீதியில் அலையாது என்று இந்த மண் கண்டுவைத்திருக்கிறது. பிளேக்கை எலியிலிருந்து மனிதருக்குக் கொண்டுவருவது தெள்ளு என்று 1898 இல் சொன்ன போல்-லூயி சிமோன் அன்றைய இந்தியாவில், பம்பாயிலும் கராச்சியிலும், வேலை பார்த்தவர். சில நோயாளிகளின் உடம்பில் இருந்த சின்னஞ்சிறு கொப்புளம் பூச்சி கடித்த இடமாக இருக்குமோ என்று அவர் சந்தேகப்பட்டதில் தொடங்கியது அது. அவரையும் எடுத்த எடுப்பில் நம்பவில்லை. 1905 க்குப் பிறகு பம்பாயில் செய்த ஆய்வுகளில்தான் உறுதியானது. அந்த இடைவெளியில், வீட்டில் எலி விழுந்த இரவில், காலில் ஏதோ கடித்ததாக ஒரு பெண் சொல்லியிருந்தால் அவள் பயத்தை அறிவற்றது என்று ஒதுக்கியிருப்பார்கள். அவள் சொன்னதுதான் நடந்தது என்பதை அவள் உயிரோடு இருந்து கேட்டிருக்கமாட்டாள்.

இதையெல்லாம் அடுக்கிக்கொண்டு போனால் எல்லா அரிப்புக்கும் ஒரு பூச்சி உண்டு, இன்னும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று முடித்துவிடத் தோன்றும். அந்த ஆறுதல் எனக்குக் கிடைக்கவில்லை. 1962 இல் அமெரிக்காவின் தென் பகுதியில் ஓர் ஆடை ஆலையில், இங்கிலாந்திலிருந்து வந்த துணிப்பொதியில் ஒளிந்து வந்த பூச்சி கடிப்பதாகச் சொல்லிக்கொண்டு தொழிலாளர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தலை சுற்றி, வாந்தியெடுத்து விழுந்தார்கள். மொத்தம் 62 பேர், பெரும்பாலும் பெண்கள். நிபுணர்கள் வந்து ஆலையைச் சலித்துப் பார்த்தார்கள். அந்த நோயைத் தரக்கூடிய எதுவும் அகப்படவில்லை. கெர்க்காஃப், பேக் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1968 இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார்கள். விழுந்தவர்களில் ஓவர்டைம் பார்த்தவர்களும் வீட்டுச் செலவில் பெரும்பங்கைச் சுமந்தவர்களும் அதிகம் என்று அதில் வருகிறது. பூச்சி இல்லை, ஆனால் கடித்தது ஒன்று இருந்தது. நம் பக்கத்து நூற்பாலை விடுதிகளைப் பற்றி நினைக்காமல் என்னால் இதைப் படிக்க முடியவில்லை. தென்மாவட்டங்களிலிருந்து கல்யாணச் செலவுக்கென்று மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்து, ஒரே கூடத்தில் பாய்க்குப் பாய் ஒட்டிப் படுக்கிற பெண்பிள்ளைகள். ஒருத்தி சொறியத் தொடங்கினால் கூடமே சொறியும். அது உண்மையான சிரங்காக இருக்கலாம், நெருக்கிப் படுத்தால் வராமல் இருந்தால்தான் அதிசயம். பஞ்சுத்தூசியாக இருக்கலாம். தூக்கமில்லாத உடம்பு ஒன்றைப் பார்த்து இன்னொன்று அரிப்பெடுப்பதாகவும் இருக்கலாம். மூன்றையும் பிரிக்க நேரம் வேண்டும், வெளிச்சம் வேண்டும், அந்தப் பிள்ளைகளைத் தனித்தனியே உட்காரவைத்துக் கேட்கிற பொறுமை வேண்டும். ‘மனசு’ என்று சொல்லிவிட்டால் இவற்றில் எதற்கும் யாரும் செலவழிக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 2000களின் தொடக்கத்திலிருந்து தங்கள் தோலிலிருந்து நூல்நூலாக ஏதோ வெளிவருகிறது என்று பலர் சொல்லத் தொடங்கினார்கள். மார்கெல்லன்ஸ் என்று அதற்குப் பெயர் வந்தது. அரசின் நோய்த்தடுப்பு மையம் வடக்குக் கலிபோர்னியாவில் 115 பேரை எடுத்து ஆராய்ந்து 2012 இல் முடிவை வெளியிட்டது. தொற்றுக் காரணம் எதுவும் இல்லை. தோலில் கிடைத்த இழைகளில் பெரும்பாலானவை பருத்தியாகவே தெரிந்தன, உடுத்திய துணியிலிருந்து வந்திருக்கக்கூடியவை. இதைப் படித்த அன்று அக்காவின் ஜிப் கவர் கண்முன் வந்தது. திருப்பூர்ப் பனியன் உலகமெங்கும் போகிறது. கலிபோர்னியாவில் நடுராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு அடியில் ஒருவர் பார்த்துப் பதறிய அந்த இழை எந்த ஊரில் நூற்றதோ, யார் கை பட்டதோ. அவர் கையில் இருந்தது பூச்சி இல்லை. அவருடைய அரிப்பையும் ஆய்வு மறுக்கவில்லை. அந்த 115 பேரில் பலர் உண்மையிலேயே நலம் கெட்டு, வாழ்க்கை குலைந்து கிடந்தார்கள் என்பதையும் அதே அறிக்கை சொல்லத்தான் செய்தது. செய்தியாகப் பரவியது பருத்தி மட்டும்.

அரிப்பு எப்படி உண்டாகிறது என்பதே வெகுகாலம் தெரியாமல் இருந்தது. லேசான வலி என்று நினைத்திருந்தார்கள். 1997 இல் ஜெர்மனியின் மார்ட்டின் ஷ்மெல்ஸும் உடன் வேலை செய்தவர்களும் மனிதத் தோலில் அரிப்புக்கென்று தனி நரம்பிழைகள் இருப்பதைக் காட்டினார்கள். மிக மெல்லியவை, நொடிக்கு அரை மீட்டர் கணக்கில் மெதுவாகச் செய்தி கடத்துபவை; ஒவ்வொன்றும் தோலில் அகன்ற பரப்பைக் காவல் காப்பவை. அதனால்தான் அரிக்கிற இடத்தைக் கையால் சரியாகக் குறிவைக்க முடிவதில்லை, அது நகர்வதாகத் தெரிகிறது. அதே நாட்டில் இன்னொரு குழு, அரிப்பைப் பற்றிப் பொதுமக்களுக்கு ஒரு சொற்பொழிவு ஏற்பாடு செய்து, தெள்ளும் உண்ணியும் திரையில் வரும்போது கேட்பவர்கள் எத்தனை முறை சொறிந்துகொள்கிறார்கள் என்று படம் பிடித்து எண்ணியது. குழந்தைகளின் படம் வந்தபோதைவிட அதிகம். 2018 இல் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் திறந்த பூச்சி அருங்காட்சியகத்தில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வண்ணத்துப்பூச்சிப் பெட்டிகளின் முன் கை கட்டி நின்ற பிள்ளைகள், சின்னஞ்சிறு பூச்சிகளைப் பெரிதாக்கிக் காட்டுகிற இடத்துக்கு வந்ததும் கழுத்தைத் தடவத் தொடங்கினார்கள். இதைப் படிப்பவருக்கும் இந்நேரம் எங்கேனும் ஓரிடத்தில் கை போயிருக்கலாம். பூச்சி இல்லாமலே அரிக்க முடியும். அதற்குப் பைத்தியம் பிடிக்க வேண்டியதில்லை.

விவசாயிகளுக்கு இந்தப் பயம் வேறு முகத்தில் வந்தது. 2008 இல் பப்பாளி மாவுப்பூச்சி நாட்டிலேயே முதலில் கோயமுத்தூரில்தான் கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று வெள்ளை மாவாகப் படிந்து ஈரோடு, திருப்பூர், சேலம்வரை தின்றது. 2016 இல் தென்னையின் சுருள் வெள்ளை ஈ பொள்ளாச்சிப் பக்கம் வந்து, ஓலையெல்லாம் பிசுபிசுத்துக் கரும்பூஞ்சை பிடித்தது. தோப்புக்குள் நடந்தால் தலையில் வெள்ளையாக உதிரும், மேலெல்லாம் ஒட்டும். இரண்டுக்கும் மருந்தடித்துப் பார்த்தார்கள். மாவுப்பூச்சியை அடக்கியது மருந்தல்ல. 2010 இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விட்ட, அதைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி. மருந்தடித்த கைகளுக்கு அரிப்பு வந்ததுதான் மிச்சம். அக்கா தன் படுக்கைக்குச் செய்ததும் இதுவே என்பதால் இங்கே சொல்கிறேன். இந்தப் பயத்தில் உயிருக்கு ஆபத்து பூச்சியால் வருவதில்லை, டப்பாவிலிருந்து வருகிறது.

மருத்துவம் கைவிட்டுவிடவில்லை. முன்பு பிமோசைடு கொடுத்தார்கள், இப்போது ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் போன்றவை. குறைந்த அளவிலேயே பலருக்கு ஊறுவது அடங்கிவிடுகிறது. சிக்கல் மாத்திரையில் இல்லை, அதைச் சாப்பிடவைப்பதில் இருக்கிறது. மனநல மருத்துவரிடம் போகச் சொன்னால் இவர்கள் போவதில்லை. எனக்கு இருப்பது தோல் நோய், என்னை எதற்கு அங்கே அனுப்புகிறீர்கள் என்று கேட்கிறார்கள். அதனால் தோல் மருத்துவர்களே எழுதிக்கொடுக்கிறார்கள். எதற்கான மாத்திரை என்று சொல்லிக் கொடுப்பதா, ‘அரிப்புக்கு’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வதா என்பதில் அவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது. பாடம் போடுகிற பெரியவர் நோயாளியிடம் எதையும் நிரூபிக்கக் கேட்கவில்லை, எதையும் விளக்கவும் இல்லை. அவர் காலத்துக்கு அது சரியாக இருந்திருக்கலாம். இன்று பெட்டியில் அச்சடித்த தாள் இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளை கைப்பேசியில் தட்டி இது எதற்கான மருந்து என்று வாசித்துச் சொல்லிவிடுவான். அன்றைக்கு உடைகிற நம்பிக்கை மறுபடி ஒட்டாது. சொல்லிக் கொடுப்பதே முறை என்றுதான் நான் நினைக்கிறேன். அரிப்பு உண்மை, அதை நான் நம்புகிறேன், பூச்சி எனக்குத் தென்படவில்லை, இந்த மாத்திரை ஊறுவதைக் குறைக்கும் என்று இந்த நான்கையும் அதே வரிசையில் சொல்லலாம். போன மாதம் அக்காவை நான்தான் அழைத்துப்போனேன். டாக்டர் இளம்பெண். இரத்தப் பரிசோதனைகளை முதலில் எடுத்துப் பார்த்தார், முதுகை விளக்கு வெளிச்சத்தில் பொறுமையாகத் தேடினார், கவரில் இருந்ததை நுண்ணோக்கியில் வைத்து அக்காவையும் பார்க்கச் சொன்னார். பிறகு கிட்டத்தட்ட இதையே சொல்லி மாத்திரை எழுதினார். அக்கா சீட்டை வாங்கி மடித்துக்கொண்டு, எழுந்திருக்காமல், கேட்டார்: ‘அப்ப ஊறுறது நின்னு போச்சுன்னா, பூச்சி இருக்குதா இல்லியான்னு எனக்கு எப்படிங்க தெரியும்?’